ஏற்ற இறக்கத்தின் விலை: காலாண்டு முடிவுப் பருவமும் ஆப்ஷன் வாங்குவோரும்

1. கேள்வி

சந்தை தறிகெட்டு ஆடும் நாட்களில்தான் ஆப்ஷனில் காசு பார்க்க முடியும் என்ற நம்பிக்கை இந்தியாவின் சிறு வர்த்தகர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளை வெளியிடத் தொடங்கும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் அது இன்னும் வலுப்பெறும். முடிவு நன்றாக வந்தால் பங்கு ஏறும், மோசமாக வந்தால் இறங்கும், எப்படியும் பெரிய அசைவு நிச்சயம். ஆப்ஷனுக்குப் போடும் பணமோ கொஞ்சம், போனால் பிரீமியத்தோடு போகட்டும் என்பது அதன் தர்க்கம். கேட்பதற்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி வெளியிட்டுவரும் ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. 2021-22ஆம் நிதியாண்டில் பியூச்சர்ஸ், ஆப்ஷன் (எஃப் அண்ட் ஓ) பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 89 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக 2023 ஜனவரி ஆய்வு காட்டியது. 2024 செப்டம்பரில் வந்த விரிவான ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் இழந்தார்கள்; தலைக்குச் சராசரி நஷ்டம் சுமார் 2 லட்சம் ரூபாய், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கும் மேல்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் அறியாமையும் பேராசையும். நிபுணர்களும் பத்திரிகைப் பத்திகளும் அரசும் ஏறத்தாழ ஒரே குரலில் இதைச் சொல்கிறார்கள். விழிப்புணர்வும் பயிற்சியும் மருந்தாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. இந்த விளக்கம் எனக்கு நிறைவு தரவில்லை. நஷ்டப்பட்டவர்களில் கம்பெனியின் கணக்கை ஒழுங்காகப் படித்தவர்களும் இருக்கிறார்கள். சந்தை எந்தப் பக்கம் போகும் என்பதைச் சரியாகச் சொன்னவர்களும் அவர்களில் உண்டு. சரியாகக் கணித்தும் ஒருவர் இழக்க முடிகிறது என்றால், நஷ்டத்தின் வேரை அவருடைய கணிப்பில் தேடிப் பயனில்லை. அவர் கொடுத்த விலையில் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. ஆப்ஷனில் விற்கப்படுவது எது

ஒரு பங்கைக் குறிப்பிட்ட விலையில் வாங்கும் உரிமை கால் ஆப்ஷன். விற்கும் உரிமை புட் ஆப்ஷன். அறிமுகப் பாடங்கள் பலவும் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. இந்த உரிமைக்கு விலை வைப்பது எப்படி என்ற கேள்விக்கு ஃபிஷர் பிளாக், மைரான் ஷோல்ஸ், ராபர்ட் மெர்டன் ஆகியோர் 1973இல் விடை தந்தார்கள். சிகாகோவில் உலகின் முதல் முறைப்படுத்தப்பட்ட ஆப்ஷன் சந்தை திறந்ததும் அதே ஆண்டில்தான். அவர்களுடைய சூத்திரத்துக்கு ஐந்து எண்கள் தேவை: பங்கின் விலை, உரிமையில் குறிக்கப்பட்ட விலை (ஸ்ட்ரைக்), உரிமை காலாவதியாகும் நாளுக்கு (எக்ஸ்பைரி) எஞ்சியுள்ள காலம், வட்டி விகிதம், பங்கு இனி எவ்வளவு ஏறி இறங்கும் என்னும் அளவு. முதல் நான்கையும் யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாவது இன்னும் நடக்காத ஒன்று. ஆகவே ஆப்ஷனை வாங்குபவரும் விற்பவரும் உண்மையில் பேரம் பேசுவது அந்த ஐந்தாவது எண்ணைப் பற்றித்தான். சந்தை விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுக்கும் இந்த எண்ணை, அதாவது விலையில் உள்ளடங்கிய ஏற்ற இறக்கத்தை, வர்த்தகர்கள் ‘ஐவி’ என்கிறார்கள். நிஃப்டி ஆப்ஷன்களின் விலையிலிருந்து இதேபோலக் கணக்கிடப்படுவதுதான் இந்தியா விக்ஸ்.

காலாண்டு முடிவு நாளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட நிச்சயமின்மை. இயக்குநர் குழு எந்தத் தேதியில் கூடி முடிவுகளை ஏற்கப்போகிறது என்பதை நிறுவனம் பங்குச் சந்தைக்கு முன்னதாகவே தெரிவித்தாக வேண்டும். எனவே அந்த நாளில் பங்கு அசையும் என்பது வாங்குபவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் கிடையாது. மழை வருமென்று ஊருக்கே தெரிந்த நாளில் குடை பழைய விலைக்குக் கிடைக்காது. கணக்கு அறிக்கைகள் வெளியாகும் வாரத்தில் பங்கு விலைகள் வழக்கத்தைவிட அதிகம் அசைவதை வில்லியம் பீவர் 1968இலேயே காட்டினார். அந்த அசைவை ஆப்ஷன் விலை முன்கூட்டியே உள்வாங்கிக்கொள்வதை 1979, 1981 ஆண்டுகளின் கட்டுரைகளில் ஜேம்ஸ் பட்டெலும் மார்க் வுல்ஃப்சனும் நிறுவினார்கள். அறிவிப்பு நெருங்க நெருங்க ஐவி ஏறுகிறது. அறிவிப்பு வந்ததும் சரிகிறது. செய்தி நல்லதா கெட்டதா என்பது இந்தச் சரிவுக்குப் பொருட்டில்லை. கேள்விக்கு விடை வந்துவிட்டது. விடைக்காகக் காத்திருந்ததற்கான விலை மறைந்துவிடுகிறது.

இதன் விளைவை ஒரு கற்பனைப் பங்கை வைத்துப் பார்க்கலாம். பங்கின் விலை 1,000 ரூபாய். எக்ஸ்பைரிக்கு 15 நாள் இருக்கிறது. நாளை காலாண்டு முடிவு. ஐவி 45 சதவீதத்தில் நிற்கிறது. 1,000 ரூபாய் ஸ்ட்ரைக் உள்ள கால் ஆப்ஷன் ஏறக்குறைய 36 ரூபாய்க்குக் கிடைக்கும். லாட், அதாவது ஓர் ஒப்பந்தத்தின் அளவு, 600 பங்குகள் என்றால் வாங்குபவர் செலுத்துவது 21,600 ரூபாய். முடிவு நன்றாகவே வருகிறது, பங்கு 2 சதவீதம் ஏறி 1,020இல் நிற்கிறது, ஐவி 25 சதவீதத்துக்கு இறங்குகிறது. இப்போது அதே கால் ஆப்ஷனின் மதிப்பு சுமார் 31 ரூபாய். நிறுவனத்தைப் பற்றிய கணிப்பு பலித்தது, திசையும் பலித்தது. ஆனாலும் லாட்டுக்கு 3,000 ரூபாய் நஷ்டம். போட்ட பணம் அப்படியே திரும்பி வரவே பங்கு 1,027 வரை போயிருக்க வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் லாபம் என்று எண்ணிக் கால் ஆப்ஷனையும் புட் ஆப்ஷனையும் சேர்த்து வாங்கும் ‘ஸ்ட்ராடில்’காரரின் பாடு இதைவிட மோசம்: அவர் கொடுத்த 72 ரூபாய் மறுநாள் 42 ஆகியிருக்கும். அசைவு நிகழ்ந்தால் போதும் என்று அவர் நினைத்தார். அவருக்குத் தேவைப்பட்டதோ, விலையில் ஏற்கெனவே அடங்கியிருந்த அசைவைத் தாண்டிய அசைவு.

3. ஒன்றோடொன்று மோதும் ஆய்வு முடிவுகள்

அப்படியானால் முடிவு நாளுக்கு முன்பு ஆப்ஷன் எப்போதும் விலை கூடித்தான் இருக்கிறதா? இங்கே ஆய்வுலகம் ஒரே குரலில் பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காவ், ஷிங், ஜாங் ஆகிய மூவர் அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரை, பொதுவாக ஸ்ட்ராடில் வாங்குவது நஷ்டமே என்றாலும், அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு வாங்கி அறிவிப்பு நாள் வரை வைத்திருந்தால் சராசரியாக 3.34 சதவீத லாபம் கிடைத்திருப்பதாகக் காட்டுகிறது. அறிவிப்பின் நிச்சயமின்மையைச் சந்தை குறைத்து மதிப்பிடுகிறது என்பது அவர்களுடைய முடிவு. என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்று இதுதான். மறுபுறம் டிம் டி சில்வா, கெவின் ஸ்மித், எரிக் சோ ஆகியோர், அதே அமெரிக்கச் சந்தையில் சில்லறை வர்த்தகர்கள் அறிவிப்பையொட்டி உண்மையில் என்ன செய்தார்கள் என்பதைப் பின்தொடர்ந்தார்கள். பெரிய அசைவு எதிர்பார்க்கப்படும் பங்குகளாகப் பார்த்து இந்த வர்த்தகர்கள் குவிகிறார்கள். நிகழ்ந்த அசைவை மிஞ்சும் விலையைக் கொடுக்கிறார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள அகன்ற இடைவெளியில் பணத்தை விடுகிறார்கள். அறிவிப்பு வந்த பின்னும் வெளியேறத் தாமதிக்கிறார்கள். சராசரி நஷ்டம் 5 முதல் 9 சதவீதம். எதிர்பார்ப்பு மிக அதிகமாக உள்ள பங்குகளில் 10 முதல் 14 சதவீதம்.

இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் முரண்பாடு பெருமளவு கரைகிறது. முதல் ஆய்வு காட்டும் லாபம் சிறிய நிறுவனங்களிலும் அதிகம் கைமாறாத, வர்த்தகச் செலவு கூடிய ஆப்ஷன்களிலும்தான் தூக்கலாகத் தெரிகிறது. அது முறையாக, ஆயிரக்கணக்கான அறிவிப்புகளில், திசை பார்க்காமல் செய்த கணக்கு. சில்லறை வர்த்தகர் குவிவதோ எல்லோருடைய கண்ணும் பதிந்திருக்கும் பங்குகளில். அவர் வாங்குவது பெரும்பாலும் ஒரு திசை ஆப்ஷன். வாங்கும் நேரம் ஐவி ஏறிவிட்ட, அறிவிப்புக்குச் சற்று முந்தைய பொழுது. ஒரு சந்தையில் சில ஆப்ஷன்கள் மலிவாக இருக்கின்றன என்பதும், அதில் நுழையும் சாமானியர் விலை கூடியவற்றையே தேடிப்பிடிக்கிறார் என்பதும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். செய்தியில் அடிபடும் பங்கை நோக்கி அவரை இழுக்கும் கவனமே அந்தப் பங்கின் ஆப்ஷன் விலையையும் ஏற்றிவிடுகிறது.

செபியின் புள்ளிவிவரம் ஆண்டு முழுவதற்குமானது. குறியீட்டு ஆப்ஷன்களும் அதில் அடக்கம். ஆனாலும் அதில் உள்ள ஒரு கணக்கு இந்த விளக்கத்துக்கு உறுதுணையாக நிற்கிறது. 2023-24இல், செலவுகளைக் கழிக்கும் முன், தனிநபர்கள் இழந்தது 61,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதே ஆண்டில் சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் ஈட்டியது சுமார் 33,000 கோடி; வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் ஈட்டியது சுமார் 28,000 கோடி. கூட்டினால் 61,000. இவ்விரு தரப்பின் லாபத்திலும் 95 சதவீதத்துக்கு மேல் கணினி நிரல்கள் செய்த வர்த்தகத்தின் வழியே வந்தது. எதிர்த்தரப்பில் இருப்பது ஒவ்வொரு நொடியும் அந்த ஐந்தாவது எண்ணை மட்டுமே கணக்கிட்டுக்கொண்டிருக்கும் இயந்திரம். கால் ஆப்ஷன் வாங்குபவர் நிறுவனத்தைப் பற்றி யோசிக்கிறார்; விற்பவர் விலையைப் பற்றி மட்டும் யோசிக்கிறார்.

4. 2024 ஜனவரி 17

இந்த வாதத்தை ஒரே நாளில் வைத்துச் சோதிக்க முடியும். 2024 ஜனவரி 16 அன்று, சந்தை முடிந்த பிறகு, எச்டிஎஃப்சி வங்கி தன் மூன்றாம் காலாண்டு முடிவை வெளியிட்டது. நிகர லாபம் 16,372 கோடி ரூபாய். முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட ஏறத்தாழ 33 சதவீதம் கூடுதல். தலைப்பை மட்டும் படித்தவருக்கு இது நல்ல முடிவு. ஆனால் எச்டிஎஃப்சி நிறுவனத்துடனான 2023 ஜூலை இணைப்புக்குப் பிறகு கடன் வளர்ந்த வேகத்துக்கு வைப்புத்தொகை வளரவில்லை, நிகர வட்டி வரம்பும் உயரவில்லை என்பதைச் சந்தை கவனித்தது. மறுநாள் பங்கு எட்டு சதவீதத்துக்கு மேல் சரிந்தது. பெரிய தனியார் வங்கி ஒன்றுக்கு இது அபூர்வமான வீழ்ச்சி. மாலை மூன்றரைக்கும் மறுநாள் காலை ஒன்பதே காலுக்கும் இடையே நடந்துவிட்ட இந்த மாற்றத்தில், விலை குறித்த அளவுக்கு இறங்கியதும் தானாக விற்கும் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவருக்கும் அது பயன்படவில்லை. நடுவில் வெளியேற விலையே இல்லை. புட் வாங்கியிருந்தவர்கள் அன்று ஜெயித்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கதை அங்கே முடியவில்லை. ஜனவரி 17 புதன்கிழமை. அப்போது வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியின் வார ஆப்ஷன்களுக்கு எக்ஸ்பைரி நாள் அதுவே. முந்தைய நாள் 48,125இல் முடிந்த குறியீடு 46,574இல் திறந்தது. அன்று நடந்ததைப் பற்றிச் செபி 2025 ஜூலை 3 அன்று பிறப்பித்த இடைக்கால உத்தரவில் விரிவாகப் பேசுகிறது. ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க வர்த்தகக் குழுமம் காலையில் பேங்க் நிஃப்டியைச் சேர்ந்த வங்கிப் பங்குகளையும் பியூச்சர்ஸையும் சுமார் 4,370 கோடி ரூபாய்க்கு வாங்கியது. குறியீடு மீள்வதுபோலத் தோன்றியது. கால் விலை ஏறியது, புட் விலை இறங்கியது. அதே வேளையில் அக்குழுமம் ஆப்ஷனில், வாங்கியதைப்போல ஏழு மடங்குக்கும் மேலான அளவில், குறியீடு இறங்கினால் லாபம் தரும் நிலையை எடுத்துவைத்தது. நண்பகலுக்குப் பின் பங்குகளை விற்றுத் தள்ளியது. பங்கிலும் பியூச்சர்ஸிலும் சுமார் 61 கோடி நஷ்டம், ஆப்ஷனில் சுமார் 735 கோடி லாபம். இது செபியின் குற்றச்சாட்டு. ஜேன் ஸ்ட்ரீட் இதை மறுத்து, தான் செய்தது வழக்கமான குறியீட்டு ஆர்பிட்ரேஜ் என்கிறது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும் அணுகியிருக்கிறது. குற்றம் நடந்ததா என்பதைத் தீர்ப்பாயம்தான் சொல்ல வேண்டும்.

என் வாதத்துக்கு அந்தத் தீர்ப்பு தேவையில்லை. அதே உத்தரவில் உள்ள வேறொரு எண் போதும்: அன்று பேங்க் நிஃப்டி ஆப்ஷன்களில், ரொக்கச் சந்தைக்கு இணையாக மாற்றிக் கணக்கிட்ட வர்த்தகம், அடிப்படைப் பங்குகளின் ரொக்க வர்த்தகத்தைப்போல 353 மடங்கு. இவ்வளவு பெரிய கட்டடம் இவ்வளவு சிறிய அடித்தளத்தின்மேல் நிற்கும் நாளில், ஒரு வங்கியின் வட்டி வரம்பைப் பற்றிய சரியான புரிதல் அதன் குறியீட்டு ஆப்ஷனை வாங்கியவருக்கு என்ன தந்திருக்கும்? அவர் முந்தைய இரவே வங்கியின் அறிக்கையைப் படித்து, வீழ்ச்சி தொடரும் என்று சரியாகவே முடிவு செய்திருக்கலாம். காலை ஒன்பதே காலுக்கு புட் வாங்கியிருந்தால், குறியீடு மீண்ட நேரத்தில் பதறிப்போய்ப் பாதி விலைக்கு விற்றிருக்கக்கூடும். குறியீடு அன்று 46,064இல் முடிந்தது. கடைசியில் அவர் சொன்னதுதான் நடந்தது என்பது அவருக்கு ஆறுதலாக இருக்காது.

5. மறுப்புகள்

வாங்குபவர் இழக்கிறார் என்றால் விற்பவராக மாறிவிடலாமே என்பது முதல் மறுப்பு. பயிற்சி வகுப்புகள் பலவும் இன்று இதைத்தான் போதிக்கின்றன. இது பாதி உண்மையும்கூட. விற்பவர் பல நாட்களில் சிறிது சிறிதாக ஈட்டுகிறார், ஏதோ ஒரு நாளில் மொத்தமாக இழக்கிறார். 2024 மக்களவைத் தேர்தல் முடிவு வந்த ஜூன் 4 அன்று அந்த ஒரு நாள் வந்தது. முந்தைய நாள் விக்ஸ் 21ஐ ஒட்டி இருந்தது; அன்றாட அசைவாக மாற்றினால் அது சுமார் 1.3 சதவீதம். நிஃப்டியோ 23,263.90இலிருந்து 21,884.50க்கு, ஏறத்தாழ 6 சதவீதம் வீழ்ந்தது. விக்ஸ் பகலில் 30ஐத் தாண்டியது. மறுநாளே 20க்குக் கீழே இறங்கிவிட்டது. முதல் நாள் ஆப்ஷன் விற்றவர்கள் சிதைந்தார்கள். நண்பகல் பீதியில் புட் வாங்கியவர்களும் மறுநாள் இழந்தார்கள். விற்பனை என்பது காப்பீட்டுத் தொழில். காப்பீட்டு நிறுவனம் தாக்குப்பிடிப்பது மூலதனத்தாலும், ஆபத்தை ஆயிரம் இடங்களில் பிரித்து வைப்பதாலும். இரண்டு லாட்டுக்கு மார்ஜின் (பிணைத்தொகை) கட்டிவிட்டு மிச்சம் இல்லாதவருக்கு இவ்விரண்டும் கிடையாது. தவிர, வாங்குபவருக்கும் பிரீமியத்தைத் தாண்டிய பொறுப்பு உண்டு: பங்கு ஆப்ஷன்களில் 2019 முதல் எல்லாவற்றுக்கும் பங்காகவே கணக்குத் தீர்க்கும் முறை இருக்கிறது. லாபத்தில் நிற்கும் கால் ஆப்ஷனை எக்ஸ்பைரி வரை வைத்திருப்பவர் முழுப் பங்குகளையும் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 21,600 ரூபாயோடு வந்தவர் 6 லட்சம் ரூபாய்க்குப் பொறுப்பாளி ஆகிவிடுகிறார்.

அறிவிக்கப்படாத அதிர்ச்சிகளில் வாங்குபவருக்குப் பெரும் பலன் உண்டே என்பது அடுத்த மறுப்பு. இதை ஏற்கிறேன். 2020 தொடக்கத்தில் விக்ஸ் 15ஐ ஒட்டி இருந்தபோது புட் வாங்கி வைத்தவருக்கு மார்ச்சில் கிடைத்தது அளவிட முடியாதது. மார்ச் 23 அன்று ஒரே நாளில் நிஃப்டி சுமார் 13 சதவீதம் வீழ்ந்தது, மறுநாள் விக்ஸ் 80ஐத் தாண்டியது. ஆனால் அந்தப் பலன் அமைதியான நாளில் விலை கொடுத்தவருக்கானது. கையில் பங்குகளை வைத்திருந்து அவற்றின் பாதுகாப்புக்காகப் புட் வாங்குபவருக்கு ஆப்ஷன் நல்ல கருவி. அவர் பிரீமியம் வீணாகப் போவதையே விரும்புகிறார். என் வாதம் அவரைப் பற்றியது இல்லை. நாள் குறித்த நிகழ்வுக்கு முந்தைய மாலையில், காக்க வேண்டிய பங்கு எதுவும் கையில் இல்லாமல் வாங்குபவரைப் பற்றியது.

வளர்ந்த மனிதர் தம் பணத்தை எதில் போடுகிறார் என்பதில் அரசுக்கு என்ன வேலை, சிறு வர்த்தகர்கள் வெளியேறினால் சந்தையின் புழக்கம் வற்றிவிடாதா என்றும் கேட்கப்படுகிறது. சுதந்திரத்தை மதிக்கிறேன். ஆனால் வாங்கும் பொருளின் விலை என்னவென்று தெரிந்துகொண்டு வாங்குவதும் அந்தச் சுதந்திரத்தின் பகுதி. புழக்கத்தைப் பொறுத்தவரை, 2023-24இல் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள், முக்கால்வாசிப் பேர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் குறைவு என்று அறிவித்தவர்கள். சந்தையின் புழக்கத்துக்கான செலவை இவர்கள் தலையில் கட்டுவதை எந்தப் பொருளாதாரத் தர்க்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

6. எச்சரிக்கை ஏன் பலிக்கவில்லை

2023 ஜூலை முதல், பத்தில் ஒன்பது தனிநபர் வர்த்தகர்கள் நஷ்டமடைகிறார்கள் என்ற எச்சரிக்கையைத் தரகு நிறுவனங்கள் தம் செயலிகளில் காட்டியாக வேண்டும். அதற்குப் பிறகும், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இழந்தவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் வர்த்தகத்தைத் தொடர்ந்தார்கள். எச்சரிக்கை ஆட்களைப் பற்றிப் பேசுகிறது. படிப்பவர் தம்மைப் பத்தாவது ஆளாக வைத்துக்கொள்கிறார். நிறுவனத்தைப் பற்றி மற்றவர்களைவிட அதிகம் தெரிந்தவராக அவர் இருந்தால் அப்படி நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. பொருளின் விலையைப் பற்றி அந்த வாசகம் எதுவும் சொல்வதில்லை.

2024 அக்டோபரில் செபி அறிவித்த நடவடிக்கைகள் இதைவிடக் கனமானவை: குறியீட்டு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சமாக உயர்ந்தது, ஒவ்வொரு சந்தைக்கும் ஒரே ஒரு வார எக்ஸ்பைரி என்றானது, எக்ஸ்பைரி நாளில் விற்பவருக்குக் கூடுதல் மார்ஜின் விதிக்கப்பட்டது. 2024 டிசம்பர் முதல் 2025 மே வரை, வர்த்தகம் செய்த தனிநபர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 20 சதவீதம் குறைந்தது. நல்ல மாற்றம்தான். இருந்தும், இந்த நடவடிக்கைகள் நடுவில் அமலுக்கு வந்த 2024-25இல் 91 சதவீதம் பேர் இழந்தார்கள். நிகர நஷ்டம் 74,812 கோடியிலிருந்து 1,05,603 கோடி ரூபாயாகப் பெருகியது. நுழைவாயிலை உயர்த்துவது சிலரை வெளியே நிறுத்துகிறது. உள்ளே வந்துவிட்டவர் கொடுக்கும் விலையை அது தொடுவதில்லை. காலாண்டு முடிவையொட்டிய பங்கு ஆப்ஷன்கள் வார எக்ஸ்பைரிச் சீர்திருத்தத்துக்கு வெளியே இருக்கின்றன. அவற்றுக்கு மாத எக்ஸ்பைரி மட்டுமே உண்டு.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. அது சிறியது, செலவில்லாதது. காலாண்டு முடிவுக்கு முந்தைய நாட்களில் ஒருவர் பங்கு ஆப்ஷன் வாங்கப் பொத்தானைத் தொடும்போது, மூன்று எண்களைத் திரை காட்ட வேண்டும்: இந்த விலையில் அடங்கியிருக்கும் அசைவு எத்தனை சதவீதம், கடந்த எட்டுக் காலாண்டு முடிவுகளில் இந்தப் பங்கு உண்மையில் எத்தனை சதவீதம் அசைந்தது, அறிவிப்புக்குப் பின் ஐவி ஒவ்வொரு முறையும் எவ்வளவு இறங்கியது. மூன்றுக்கும் வேண்டிய தரவு பங்குச் சந்தைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. நிறுவனத்தை ஆராய்ந்து வந்தவர் தம் ஆராய்ச்சியை எந்த விலைக்கு எதிரே நிறுத்துகிறார் என்பதை அந்த நொடியில் அறிவார். அதன் பின்னும் வாங்கினால் அது அவர் முடிவு. தரகு நிறுவனங்கள் இதைத் தாமாக முன்வந்து செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மூன்று ஆண்டுகளில் தனிநபர்கள் செலவுக் கணக்கில் கட்டிய சுமார் 50,000 கோடி ரூபாயில் பாதிக்குச் சற்று மேல் தரகாகவும், ஐந்தில் ஒரு பங்கு பங்குச் சந்தைகளின் கட்டணமாகவும் போயிருக்கிறது. இது செபியின் உத்தரவாகத்தான் வர வேண்டும். அடுத்த காலாண்டு முடிவுப் பருவத்துக்குள் வர முடியாததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.